நாம வேற, அவங்க வேற

2025 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசனில் நண்பர் ஒருவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடியிருந்தோம். ஆளுக்கொரு பண்டம் செய்துகொண்டு போவது எங்கள் வழக்கம். நான் புளியோதரை கொண்டுபோயிருந்தேன். வெயில் தாழ்ந்ததும் டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கீழே புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. யாரோ அதைப் பற்றிக் கேட்க, வீட்டுக்காரர் சொன்னார்: வாரம் தவறாமல் புல் வெட்ட வரும் இரண்டு பேரும் மூன்று வாரமாக வரவில்லை, போன் செய்தால் எடுப்பதில்லை. பக்கத்து ஊரில் ஒரு கடை வாசலில் ஐஸ் (ICE) எனப்படும் குடிவரவுத் துறை அதிகாரிகள் வந்து சிலரைப் பிடித்துக்கொண்டு போனதாகப் பேச்சு. இவர்களும் அதில் மாட்டினார்களா, பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்களா, தெரியவில்லை.

"பாவம்தான்," என்றார் அவர். "ஆறு வருஷமா வர்றாங்க, நல்ல மனுஷங்க. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குல்ல? நாமெல்லாம் வரிசையில நின்னு லீகலா வந்தவங்க. நாம வேற, அவங்க வேற." சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. இரவு வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் அந்த வாக்கியம் திரும்ப வந்தது. இதே வார்த்தைகளை இதே இழுப்போடு நான் வேறு எங்கோ, ரொம்பச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

தலையாட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2006-இல் என் கணவர் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவிலும், நான் அவர் மனைவியாக எச்-4 விசாவிலும் இந்த நாட்டுக்கு வந்தோம். ஊரில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவள், இங்கே வந்து ஒன்பது வருடம் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தேன். எச்-4 மனைவிகள் சிலருக்கு வேலை செய்யும் உரிமை 2015 மே மாதம்தான் வந்தது. நிரந்தரமாக வாழும் உரிமை தரும் கிரீன் கார்டுக்குப் பதினொரு வருடம். எந்த நாட்டில் பிறந்தவருக்கும் ஆண்டுக்கு மொத்த கார்டுகளில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இந்தியாவில் பிறந்தவர்களை எப்படி நசுக்குகிறது என்று இதைப் படிக்கும் பலருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் யார் முறை வந்திருக்கிறது என்று அரசு ஒவ்வொரு மாதமும் சொல்லும் விசா புல்லட்டின் வெளிவரும் நாளில், நம் தேதி நகர்ந்திருக்கிறதா என்று பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோலப் பார்ப்போம். அப்பாவின் கடைசி நாட்களில் ஊருக்குப் போனால், திரும்பி வர விசா முத்திரை வாங்கும் ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து நான் போகவில்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை. அதனால் "வரிசையில் நின்றவர்கள்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் பட்ட பாட்டை யாரோ மதித்ததுபோல இருந்தது. அந்தத் தலையாட்டலில் யார் மேலும் வெறுப்பு இல்லை, பெருமைதான் இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

மகளின் புராஜெக்ட்

நியூ ஜெர்சி பள்ளிகளில் ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றையும் சொல்லித்தர வேண்டும் என்று 2022 ஜனவரியில் சட்டம் வந்தது. அதன் பலனாக, பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அந்தச் செப்டம்பரில் ஒரு புராஜெக்ட் கிடைத்தது: குடியுரிமைக்காகப் போராடிய ஒரு ஆசியரைப் பற்றி எழுத வேண்டும். ஆசிரியை கொடுத்த பட்டியலில் பகத் சிங் திந்த் என்ற பெயரைப் பார்த்து அதையே எடுத்துக்கொண்டாள். நமக்குத் தெரிந்த பகத் சிங் அல்ல இவர். ஆனால் எனக்கு இவரையும் ஓரளவு தெரியும். இந்திய அமெரிக்கர்களின் சங்க மலர்களில், நம் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போன சீக்கியர் என்று தலைப்பாகையோடு இவர் படம் போட்டிருப்பார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். நானும் கூட உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

கதை நிஜமாகவே மனதைப் பிடிக்கும் கதை. அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த திந்த் 1913-இல் சியாட்டிலில் வந்திறங்குகிறார். ஒரிகன் மாநிலத்து மர அறுவை ஆலைகளில் வேலை செய்து படிப்புக்குப் பணம் சேர்க்கிறார். அந்த ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களின் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். அவர் வருவதற்கு ஆறு வருடம் முன்பு, 1907 செப்டம்பர் 4 அன்று, சியாட்டிலுக்கு வடக்கே உள்ள பெல்லிங்ஹாம் என்ற ஊரில் ஒரு வெள்ளைக் கூட்டம் இந்தியத் தொழிலாளர்கள் அத்தனை பேரையும் அடித்து ஊரைவிட்டே விரட்டியது. அந்த ஊர்ப் பத்திரிகை அப்போது விரட்டியவர்கள் பக்கம் நின்று எழுதியது. சரியாக நூறு வருடம் கழித்து, 2007-இல், அதே பத்திரிகை தலையங்கம் எழுதி மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம்! கேட்டபோது அதைக் காதால் கேட்க வேண்டிய ஒருவர்கூட உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் திந்த் அமெரிக்க ராணுவத்தில் சேர்கிறார். தலைப்பாகையோடு பணியாற்ற அனுமதிக்கிறார்கள். 1918 டிசம்பர் 9-ஆம் தேதி, ராணுவ முகாமிலேயே குடியுரிமை கொடுக்கிறார்கள். நான்கே நாளில் ரத்து. காரணம், அவர் வெள்ளையர் அல்ல. ஒரிகனில் மறுபடி மனுப் போடுகிறார். குடிவரவு அதிகாரி, இவருக்கு, இந்திய விடுதலைக்காக அமெரிக்காவில் தொடங்கிய கதர் (Ghadar) இயக்கத்தோடு தொடர்பு உண்டு, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரானவர் என்றெல்லாம் சொல்லி எதிர்த்தும், 1920-இல் நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்து இரண்டாவது முறையாகக் குடியுரிமை தருகிறார். அரசு விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போகிறது.

1790-இல் எழுதிய சட்டம், "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870-இல், ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களையும் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். அதாவது வாசல் இரண்டுதான். ஒன்று வெள்ளை, இன்னொன்று கறுப்பு. இடையில் இருந்த ஆசியர்களுக்கு எதுவும் இல்லை. திந்த் வழக்குக்கு மூன்று மாதம் முன்பு, 1922 நவம்பரில், டகாவ் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கு அதே நீதிமன்றத்தில் வந்தது. என் தோல் உங்களில் பலரைவிட வெளுப்பு என்றது அவர் தரப்பு. நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து, தோல் நிறம் அளவுகோல் அல்ல, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று பொருள், ஜப்பானியர் காக்கேசியர் அல்ல என்று எழுதினார். திந்த் தரப்புக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்திருக்கும். அன்றைய இன நூல்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர், ஆரியர் என்றுதான் வகைப்படுத்தியிருந்தன. அறிவியலே சாட்சி என்று நம்பிப் போனார்கள். 1923 பிப்ரவரி 19-ஆம் தேதி அதே சதர்லாந்து, அறிவியல் என்ன சொன்னாலும் சரி, "வெள்ளையர்" என்ற சொல்லைச் சாதாரண மனிதன் எப்படிப் புரிந்துகொள்கிறானோ அதுதான் பொருள், அவன் கண்ணுக்கு இவர் வெள்ளையர் இல்லை என்று எழுதினார். தீர்ப்பு ஒருமனதானது. இதை எழுதிய சதர்லாந்தும் இங்கிலாந்தில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போது இங்கே வந்தவர்தான்.

இதுவரை படித்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மகளுக்கும்தான். அட்டையில் ஒட்ட அவர் ராணுவ உடையில் இருக்கும் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

செப்டம்பர் கடைசி ஞாயிறு. நான் சமையலறையில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே மேசையில் லேப்டாப்பில் படித்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பை மட்டும் படித்தால் போதாது, இரண்டு தரப்பும் என்ன வாதிட்டார்கள் என்று பார்க்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தாராம். திடீரென்று, "அம்மா, இவர் ஹீரோ இல்ல போல இருக்கே," என்றாள்.

என்ன சொல்கிறாய் என்றேன். திந்த் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வாதத்தை வாசித்துக் காட்டினாள். இவர் உயர்சாதி இந்து, சுத்தமான ஆரிய ரத்தம் என்கிறது அது. சீக்கியரான அவரை, வழக்கின் கேள்வியே "உயர்சாதி இந்து" என்றுதான் குறிப்பிடுகிறது. இந்தியாவில் சாதிக் கட்டுப்பாடு கடுமையானது, அதனால் ரத்தம் கலக்கவில்லை என்கிறது. அதற்கு மேலும் போய், உயர்வகுப்பு இந்து ஒருவர், கல்யாண விஷயத்தில், இந்தியாவின் பூர்வகுடி மக்களை எப்படிப் பார்ப்பாரென்றால், அமெரிக்கர் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறாரோ அப்படி என்கிறது. அதாவது, நீங்கள் யாரைத் தள்ளி வைக்கிறீர்களோ அவர்களைப் போன்றவர்களை நாங்களும் எங்கள் ஊரில் தள்ளித்தான் வைக்கிறோம். அதனால் நாங்களும் உங்களில் ஒருவர். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் தீர்ப்பை மறுபடி திறந்து இன்னொரு இடத்தைக் காட்டினாள். நீதிமன்றம் அந்தச் சுத்த ரத்த வாதத்துக்குப் பதில் சொல்லும் இடம். ஆரியப் படையெடுப்பாளர்கள் கருநிறத் திராவிடர்களோடு கலந்துவிட்டார்கள், சாதி விதிகள் அந்தக் கலப்பைத் தடுக்கத்தான் ஏற்பட்டவை, ஆனால் முழுக்க வெற்றி பெறவில்லை என்று வருகிறது. திராவிடர் என்ற சொல்லை அவள் தமிழ்ப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறாள். "இது நாமதானே?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் போலவே நல்ல கறுப்பு அவள். பிறகு கேட்டாள்: "அம்மா, ஒருவேளை இவர் ஜெயிச்சிருந்தா நாம உள்ள இருந்திருப்போமா, வெளிய இருந்திருப்போமா?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிறு முழுவதும் தெரியவில்லை. இவர் வாதம் வென்றிருந்தால் ஆரியர் என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கும். அந்தக் கதவுக்கு வெளியே, ரத்தம் கலந்ததற்குச் சாட்சியாக, நாங்கள் நின்றிருப்போம். இத்தனை வருடமாக நம்முடைய போராட்டம் என்று நான் நினைத்திருந்த ஒன்றில், நான் எதிராளியின் ஆதாரமாக இருந்திருக்கிறேன். அவர் தோற்றதற்கு ஒரு காரணமாகவே நம்மைக் காட்டியிருக்கிறார்கள். அதே 1923-இல் சென்னை மாகாணத்தில் நீதிக் கட்சி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. பிராமணரல்லாதாருக்கு வேலைகளில் பங்கு கேட்டு அரசாணைகள் வந்துகொண்டிருந்தன. அங்கே நிமிர்ந்து நிற்கத் தொடங்கிய அடையாளம், இங்கே வாஷிங்டனில் கறை என்று எழுதப்பட்டது. இரண்டும் ஒரே காலம் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அன்றிரவு படுத்தபோதுதான் ஜூலையில் வராத ஞாபகம் வந்தது. மன்னார்குடிப் பக்கம் பாட்டி வீடு. எனக்கு ஆறேழு வயது இருக்கும். வயலில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கொல்லைப்புறம் வழியாகத்தான் வருவார். அவருக்கென்று ஒரு அலுமினியத் தம்ளர், எரவாணத்தில் செருகியிருக்கும். அவரே எடுத்து நீட்டுவார், பாட்டி உயரத்திலிருந்து மோர் ஊற்றுவார். ஏன் பாட்டி உள்ளே வரமாட்டேங்கிறாங்க என்று கேட்டதற்கு, "அவங்க வேற, நாம வேறடி. போய் விளையாடு," என்றார். பாட்டி கெட்டவர் இல்லை. அந்த அக்காவின் பிரசவத்துக்குப் பத்தியச் சாப்பாடு கட்டிக்கொடுத்தவர். எடிசன் நண்பரும் கெட்டவர் இல்லை. ஆறு வருடமாக வருகிறவர்களை நல்ல மனுஷங்க என்றுதான் சொன்னார். இந்த வாக்கியத்தைச் சொல்லக் கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

திந்தையும் நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சட்டம் வைத்திருந்த இரண்டு வாசலில் ஒன்றில் அவர் போய் நின்றார். 1878 முதல் 1952 வரை குடியுரிமைக்காக இப்படி இனத்தை நிரூபிக்கச் சொல்லி நடந்த 52 வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. சிரியர், ஆர்மேனியர், ஜப்பானியர், பிலிப்பினோ, இந்தியர் என்று எத்தனையோ பேர். ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் வாதிட்டது, நான் வெள்ளையர் என்றுதான். கறுப்பர் என்ற வாசல் 1870 முதலே சட்டப்படி திறந்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் போக விரும்பவில்லை. போனால் குடியுரிமை கிடைத்திருக்கும், ஆனால் தனிப் பள்ளி, தனி வண்டி, கும்பல் கொலை எல்லாம் கூடவே வந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் மேலே ஏற ஒரே ஏணி, கீழே இருப்பவரிடமிருந்து நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று காட்டுவதுதான் என்று வந்த ஒவ்வொரு கூட்டமும் கப்பலைவிட்டு இறங்கிய சில நாட்களிலேயே கற்றுக்கொண்டிருக்கிறது. நமக்கு அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை. தெரிந்தேதான் வந்தோம்.

லீகல் என்ற சொல்

ஜூலை மாலையில் எங்களுக்கெல்லாம் பெருமை தந்த சொல் இதுதான். திந்த் லீகலாக வந்தவர். லீகலாக, இரண்டு முறை, குடியுரிமை பெற்றவர். ராணுவ உடை போட்டவர். அவரைவிட நேராக வரிசையில் நின்றவர் யார்? அந்தத் தீர்ப்பு அவரோடும் நிற்கவில்லை. அதற்கு முன்பே முறைப்படி குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களின் சான்றிதழ்களை அரசு ஒவ்வொன்றாக ரத்து செய்ய ஆரம்பித்தது.

அவர்களில் ஒருவர் வைஷ்ணோ தாஸ் பகாய். 1915-இல் மனைவி கலா, மூன்று மகன்கள், கணிசமான பணம் எல்லாவற்றோடும் சான் ஃபிரான்சிஸ்கோ வந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியில் பிள்ளைகள் வளரக் கூடாது என்று வந்தவர். கடை வைத்தார், 1921-இல் குடியுரிமை பெற்றார். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன அன்று, அக்கம்பக்கத்தார் இவர்கள் உள்ளே போக முடியாதபடி அந்த வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். திரும்பிப் போய்விட்டார்கள். 1923 தீர்ப்புக்குப் பிறகு அவர் குடியுரிமை பறிபோனது. குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவர்கள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டத்தால் சொத்தும் கடையும் போயின. 1928-இல் இந்தியாவுக்குப் போய் உறவினர்களைப் பார்த்து வர அமெரிக்கக் கடவுச்சீட்டு கேட்டபோது, பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் போகச் சொன்னார்கள். எதை உதறிவிட்டு வந்தாரோ அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மார்ச் மாதம் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதிவைத்த கடிதத்தை ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழ் வெளியிட்டது. தங்கக் கூண்டுக்குள் வாழும் வாழ்க்கை வாழத் தகுந்ததா என்று அதில் கேட்டிருந்தார். இந்தப் பக்கம் தடை, அந்தப் பக்கம் அடைப்பு, பின்னால் பாலங்கள் எல்லாம் எரிந்துவிட்டன என்று எழுதியிருந்தார். அப்பாவைப் பார்க்கப் போகாத நான் அந்த வரியைத் தாண்ட ரொம்ப நேரமானது.

கலா பகாய் பிள்ளைகளோடு இங்கேயே இருந்தார். 1946-இல் இந்தியர்களுக்கு மறுபடி குடியுரிமைக் கதவு திறந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 பேர்தான் வரலாம். பிற்பாடு அவர் குடியுரிமை பெற்று, புதிதாக வந்த இந்தியக் குடும்பங்களுக்கெல்லாம் பெரியம்மா மாதிரி வாழ்ந்து 1983-இல் காலமானார். அவரை உள்ளே விடாத பெர்க்லி நகரில் இன்று ஒரு தெருவுக்கு அவர் பெயர். திந்துக்கு, போர் வீரர்களுக்கென 1935-இல் வந்த ஒரு சட்டத்தால், அடுத்த வருடம் மூன்றாவது முறையாகக் குடியுரிமை கிடைத்தது. அதை யாரும் பறிக்கவில்லை.

என் கணவருக்கு இந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. இரண்டு மூன்று இரவு இதைப் பற்றிப் பேசினோம். "அது இனம் பார்த்துப் போட்ட சட்டம். இன்னிக்கு எல்லை தாண்டி வர்றது வேற விஷயம். ரெண்டையும் ஒண்ணாக்காதே. நாம நின்ன வரிசைக்கு அர்த்தமே இல்லைன்னு சொல்றியா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதினொரு வருடம் பொய் இல்லை. ஆனால் அவரிடம் நான் திரும்பக் கேட்டது இது. 2025 ஜனவரி 20-ஆம் தேதி வந்த பிறப்புக் குடியுரிமை ஆணை யாரைக் குறிவைத்தது? ஆவணம் இல்லாதவர்களின் குழந்தைகளை மட்டுமா? தாய் சட்டப்படி, ஆனால் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால், இனி பிறக்கும் குழந்தைக்கும் குடியுரிமை கிடையாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எச்-4 அம்மா, எச்-1பி அப்பா. நம் மகள் 2010-இல் பிறந்தபோது நாம் இருந்த நிலை, எழுத்துக்கு எழுத்து. நீதிமன்றங்கள் உடனே தடை போட்டன. ஆனால் அந்தத் தாளில் நாமும் புல் வெட்ட வருபவரும் ஒரே பத்தியில் இருந்தோம். எழுதியவர்கள் நம்மை வேறாகப் பார்க்கவில்லை. அதே வருடம் ஜூன் மாதம் நீதித் துறை, குடியுரிமையைத் திரும்பப் பெறும் வழக்குகளுக்கு முன்னுரிமை தரச் சொல்லித் தன் வழக்கறிஞர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நான் குடியுரிமைப் பிரமாணம் எடுத்தது பிப்ரவரியில்.

சதர்லாந்து சொன்ன சாதாரண மனிதனின் பார்வை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 2024-இல், குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட விவேக் ராமசாமி, தன் சொந்த நேர்காணல் நிகழ்ச்சியில் வலதுசாரி எழுத்தாளர் ஆன் கூல்ட்டரை உட்கார வைத்துப் பேசினார். உங்கள் கருத்துகளில் பலவற்றை நான் ஏற்கிறேன், ஆனாலும் நீங்கள் இந்தியர் என்பதால் உங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார் அந்த அம்மா. ராமசாமியின் அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் அன்று அவருக்காக எனக்கு வலித்தது. குடிவரவில் கடுமை வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவர். தள்ளி நிற்பதை அவரைப்போல யாராலும் செய்ய முடியாது. அவருக்கும் அந்த ஏணி எட்டவில்லை. அதே வருடம் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன்னால், கமலா ஹாரிஸ் திடீரென்று கறுப்பராக மாறிவிட்டார் என்று டிரம்ப் சொன்னார். அன்று எங்கள் வாட்ஸாப் குழுவில் பலர் அதை ரசித்துப் பகிர்ந்தார்கள். கமலா நம்மை விட்டு அந்தப் பக்கம் போய்விட்டாராம். சித்தி என்று மேடையில் சொன்னபோது நம்மவர், கறுப்பர் என்று சொன்னபோது அடுத்தவர். கமலாவின் அம்மா சியாமளா 19 வயதில் பெர்க்லிக்குத் தனியாகப் படிக்க வந்து, கறுப்பின உரிமைப் போராட்டக்காரர்களோடு ஊர்வலம் போனவர். மகள்களைக் கறுப்பினப் பெண்களாகவே வளர்த்தவர். தள்ளி நிற்காத தமிழர் ஒருவர் இங்கே இருந்திருக்கிறார். அவரைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மகள் அந்த ராணுவ உடைப் படத்தை அட்டையிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்சம் சின்னதாக்கி, பக்கத்தில் அவர் தரப்பு வாதத்தின் அந்தப் பக்கத்தை ஒட்டினாள். கீழே கலா பகாயின் படம். ஹீரோ என்று மேலே எழுதியிருந்ததை அடித்துவிட்டு வெறுமனே பெயரையும் வருடங்களையும் எழுதினாள். ஆசிரியை கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "ரெண்டும் உண்மைன்னு சொல்வேன்," என்றாள்.

தீபாவளிக்கு மறுபடி அதே வீட்டில் கூடினோம். புல் வெட்டியிருந்தது, வேறு ஆட்கள், கூலி அதிகம் என்றார் நண்பர். பழையவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். இரண்டு பேரில் இளையவர் ஒரே ஒரு முறை போன் செய்தாராம், தன் அண்ணனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று. அதிரசத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒருவர் பெருமூச்சு விட்டு, என்ன செய்வது, லீகலாக வந்திருக்க வேண்டும் என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, திந்த்கூட லீகலாத்தான் வந்தார்," என்றேன்.

"யாரும்மா அது?" என்றார் வீட்டுக்காரர். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். 1913-இல் சியாட்டிலில் வந்திறங்கினார் என்று ஆரம்பித்தேன்.